புதுக் கேமராவின் ரா கோப்பு திறக்கவில்லையா? கார்டை ஃபார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். படம் எடுத்தவர் போன வாரம்தான் ஈப்போவில் புதுக் கேமரா வாங்கியிருக்கிறார். திங்கட்கிழமை சாயங்காலம் கார்டைக் கணினியில் செருகி லைட்ரூம் என்ற படம் திருத்தும் சாஃப்ட்வேரில் ஏற்றப் பார்த்தால், ரா வகையில், அதாவது கேமரா இன்னும் படமாக்கி முடிக்காத கோப்பாக, எடுத்த 1,200 படத்தில் ஒன்றுகூட ஏறவில்லை. வரிசையாகச் சாம்பல் கட்டங்கள்தான் தெரிகின்றன. "இந்தக் கோப்பு வகை அடையாளம் தெரியவில்லை" என்று ஒரு பெட்டி எழும்பி நிற்கிறது. அந்த நேரத்தில்தான் பெண்ணின் அம்மா ஃபோன் போட்டு, "தம்பி, நாலு படமாவது இன்னைக்கு அனுப்புறீங்களா? ஊர்ல பெரியப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு" என்கிறார்.

இந்த நிலையில் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கார்டு போய்விட்டது என்பார் ஒருவர். கோப்பு கெட்டுவிட்டது, ரிக்கவரி கடைக்குக் கொண்டு போ என்பார் இன்னொருவர். பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றினால் திறக்கும் என்பார் மூன்றாமவர். சாஃப்ட்வேரை அப்டேட் செய் என்பதும் வரும். இவற்றில் கடைசி யோசனை மட்டும்தான் ஓரளவு சரி. மற்ற மூன்றும் நேரத்தை வீணாக்கும், சில வேளை படத்தையே பறித்துவிடும். புதுக் கேமரா, பழைய சாஃப்ட்வேர் என்றால் கோப்பு நன்றாகத்தான் இருக்கும். அதைப் படிக்கும் விதம் அந்த சாஃப்ட்வேருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பாலும் ஷீட்டும்

நம் ஊரில் பலருக்கும் தெரிந்த வேலையிலிருந்தே தொடங்கலாம். இன்று சுற்றிலும் செம்பனை வந்துவிட்டாலும், பால்மரம் சீவிய வீடுகளுக்கு இது பழக்கமான கணக்கு. காலையில் மரத்தில் கட்டிய மங்கிலிருந்து வாளிக்கு வரும் பால் எல்லாம் ஒன்றுபோல் இருக்காது. அதில் உலர்ந்த ரப்பர் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடுதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். எந்த மரவகை, என்ன வயது, மழை பெய்ததா என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். அதனால்தான் ஸ்டோரில் பாலை எடை போட்டதோடு விடாமல் மெட்ரோலக் கருவியை மிதக்கவிட்டு எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்த்தார்கள். பிறகு 15 விழுக்காடு அளவுக்குத் தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, மறுநாள் ரோலரில் விட்டு, புகைபோட்டு எடுத்தால் ஷீட்.

ஷீட் முடிந்த சரக்கு, கண்ணால் பார்த்தே தரம் சொல்லிவிடுவார்கள். பாலை அப்படி விற்க முடியாது. வாங்குபவருக்கு அதன் தன்மை தெரிந்தாக வேண்டும்.

ஜேபெக் என்பது ஷீட். கேமராவே எல்லா வேலையையும் முடித்துக் கொடுத்த படம் அது, எந்தக் கைப்பேசியிலும் திறக்கும். ரா என்பது பால். சென்சார் அளந்ததை அப்படியே எழுதி வைத்த கோப்பு அது. இன்னும் படமாக உருவாகவில்லை. அதைப் படமாக்கும் வேலையைக் கணினியில் நாம் செய்கிறோம், அதனால்தான் வெளிச்சத்தையும் நிறத்தையும் பிறகு திருத்த அவ்வளவு இடம் கிடைக்கிறது. ஷீட்டைத் திரும்பப் பாலாக்க முடியாது. ஜேபெக்கிலிருந்து ரா எடுக்க முடியாததும் அதே கணக்குத்தான்.

சென்சார் உண்மையில் எழுதுவது என்ன

சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்தின் அளவை மட்டும் அளக்கும், அதற்கு நிறம் தெரியாது. அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு சின்ன நிறக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம், இவற்றில் ஏதாவது ஒன்று. பெரும்பாலான கேமராக்களில் இருப்பது கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அடுக்கு. நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம்.

இதைப் புள்ளிக் கோலத்தோடு ஒப்பிடலாம். வாசலில் புள்ளி மட்டும் வைத்துவிட்டு ஒருவர் உள்ளே போய்விட்டார். வேறொருவர் வந்து கோலத்தை முடிக்க வேண்டும். அது நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எத்தனை வரிசை, எங்கே குறைகிறது என்று தெரிந்தால்தான் கோடு இழுக்க முடியும். ரா கோப்பில் இருப்பவை புள்ளிகள் மட்டும். சுற்றியுள்ள புள்ளிகளைப் பார்த்து, ஒவ்வொரு புள்ளிக்கும் மீதி இரண்டு நிறங்களைக் கணித்து நிரப்புவதற்கு டிமொசாயிக் என்று பெயர். ஃபியூஜிஃபிலிம் 2012 முதல் பல கேமராக்களில் வைக்கும் எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் புள்ளி அடுக்கே வேறு. 6-க்கு 6 கட்டத்தில்தான் அது திரும்ப வரும். பேயர் கோலம் மட்டும் போடத் தெரிந்த சாஃப்ட்வேருக்கு அது கைவராது.

அளவிலும் வேறுபாடு உண்டு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். இதை 8 பிட் என்பார்கள். பிட் என்றால் எத்தனை படியாகப் பிரித்து அளக்கிறோம் என்பதைச் சொல்லும் கணக்கு. 12 பிட் ராவில் 4,096 படிகள், 14 பிட் ராவில் 16,384. மணவறையில் வெள்ளை வேட்டியும் கறுப்புத் தலைமுடியும் ஒரே படத்தில் வரும்போது இரண்டிலும் விவரத்தை மீட்க முடிவது இந்தக் கூடுதல் படிகளால்தான்.

இதுவரை பார்த்ததில் மனதில் நிற்க வேண்டியது ஒன்று. ரா கோப்பு அளவுகளின் பட்டியல், அதோடு அந்த அளவுகளைப் புரிந்துகொள்ளத் தேவையான குறிப்புகளும் இருக்கும். குறிப்பைப் படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் எண்கள்.

ரா என்பது ஒரே வகைக் கோப்பு அல்ல

பெரும் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஜேபெக் உலகம் முழுக்க ஒன்று. ரா அப்படி இல்லை. கேனனுக்கு சிஆர்2, சிஆர்3. நிக்கானுக்கு என்இஎஃப். சோனிக்கு ஏஆர்டபிள்யூ. ஃபியூஜிஃபிலிமுக்கு ஆர்ஏஎஃப். பானசோனிக்குக்கு ஆர்டபிள்யூ2. ஒரே நிறுவனத்தின் ஒரே எழுத்துகள் இருந்தாலும் உள்ளே ஒன்றுபோல் இருக்கும் என்று நம்ப முடியாது. பத்து ஆண்டுக்கு முந்தைய ஏஆர்டபிள்யூவும் இன்றைய ஏஆர்டபிள்யூவும் பெயரில் மட்டும் ஒன்று.

கோப்பின் உள்ளே உள்ள பைட்டுகளை அப்படியே காட்டும் எளிய கருவியில், அதை ஹெக்ஸ் எடிட்டர் என்பார்கள், திறந்து முதல் வரியைப் பார்த்தாலே இது விளங்கும். ஆர்ஏஎஃப் கோப்பின் தொடக்கத்தில் ஃபியூஜிஃபிலிம் என்ற பெயரே எழுத்தெழுத்தாக நிற்கும். கேனன் சிஆர்2, டிஃப் என்ற பழைய பட வகைக் கோப்பைப் போலத் தொடங்கி, சில பைட்டுகள் தள்ளி சி, ஆர் என்ற இரண்டு எழுத்துகளைக் காட்டும். சிஆர்3-ஐத் திறந்தால் அந்த அடையாளம் எதுவும் இருக்காது. அதன் கட்டுமானம் எம்பி4 வீடியோவின் குடும்பத்தைச் சேர்ந்தது. 2018-ல் இஓஎஸ் எம்50 கேமராவோடு கேனன் இந்த மாற்றத்தைக் கொண்டு வந்தபோது, சிஆர்2-ஐ நன்றாகத் திறந்துகொண்டிருந்த பல சாஃப்ட்வேர்கள் ஒரே நாளில் கையை விரித்தது இதனால்தான்.

ஆகவே பெயரின் வாலை மாற்றிப் பயனில்லை. சிஆர்3 என்பதை அழித்து சிஆர்2 என்று எழுதினால், டின்னின் மேல் உள்ள லேபிள்தான் மாறும், உள்ளே உள்ள சரக்கு மாறாது. பிறகு எது அசல், எது மாற்றியது என்று நமக்கே குழம்பும்.

திறக்காததற்கு மூன்று காரணங்கள்

"சப்போர்ட் இல்லை" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் சாஃப்ட்வேர் மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். எந்த வாசலில் நின்றுவிட்டது என்று தெரிந்தால் வழி தானாகத் தெரியும்.

முதல் வாசல் பெயர். ஒவ்வொரு ரா கோப்பிலும் எந்த மாடல் கேமரா என்று எழுதியிருக்கும். சாஃப்ட்வேர் தன் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடும். இல்லையென்றால் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடும். உள்ளிருப்பது பழைய மாடலின் அமைப்பாகவே இருந்தாலும் இதுதான் நடக்கும்.

இரண்டாவது, சுருக்கம். 24 மெகாபிக்சல், 14 பிட் என்றால் சுருக்காத கோப்பு 42 எம்பி வரும். கார்டில் இடம் மிச்சப்படுத்த கேமரா அதை மடித்து வைக்கிறது. மடிக்கும் முறை புதிது என்றால், பிரிக்கத் தெரியாத சாஃப்ட்வேர் நின்றுவிடும். நிக்கான் இசட்9, இசட்8 கேமராக்களில் 'ஹை எஃபிஷியன்சி' என்று ஒரு ரா தேர்வு உண்டு. அதில் எடுத்தவற்றை இலவச சாஃப்ட்வேர்கள் பல திறக்க முடியாமல் தவித்தன. அதே கேமராவில் 'லாஸ்லெஸ் கம்ப்ரஸ்டு' என்று வைத்து எடுத்தவை அவற்றிலேயே திறந்தன. கேமராவில் ஒரு மெனு வரி மாற்றினால் தீர்ந்துவிடும் சிக்கலுக்குப் புதுக் கணினி வாங்கப் போக வேண்டாம்.

மூன்றாவது வாசல் நிறம், இதுதான் பலருக்கும் தெரியாதது. சென்சார் காணும் சிவப்பும் நம் கண் காணும் சிவப்பும் ஒன்றல்ல. ஒவ்வொரு மாடலுக்கும் "இந்த எண் வந்தால் இந்த நிறம்" என்று சொல்லும் பெயர்ப்புக் கணக்கு வேண்டும். அதற்குக் கலர் ப்ரொஃபைல் என்று பெயர். 24 நிறக் கட்டங்கள் உள்ள அட்டை போன்றவற்றை அந்தக் கேமராவில் படம் எடுத்து, எண்களை அளந்து அதைச் செய்கிறார்கள். லைட்ரூம், ஃபோட்டோஷாப் இரண்டையும் தயாரிக்கும் அடோபி நிறுவனத்தின் ப்ரொஃபைல்களில் வழக்கமாக இரண்டு வெளிச்சத்துக்குக் கணக்கு இருக்கும். ஒன்று குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம், ஏறத்தாழ 2,850 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அலகு). இன்னொன்று பகல் வெளிச்சம், 6,500 கெல்வின். கேமரா கடைக்கு வந்த பிறகும் சப்போர்ட் வரச் சில நாளோ, சில வாரமோ, சில வேளை இரண்டு மூன்று மாதமோ ஆவதற்கு இந்த வேலையும் ஒரு காரணம்.

முதல் இரண்டு வாசலில் நின்றால் படம் திறக்காது. மூன்றாவதில் நின்றால் திறக்கும், ஆனால் நிறம் தவறாக வரும். இப்படி நிறம் தவறித் திறப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் தவறு என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

சின்னப் படம் தெரிகிறதே, அப்புறம் ஏன் திறக்கவில்லை?

விண்டோஸ் ஃபோல்டரில் மணப்பெண் முகம் தெளிவாகத் தெரியும், ஃபோட்டோஷாப்பில் இழுத்துப் போட்டால் பிழைச் செய்தி வரும். ரா கோப்புக்குள் கேமரா ஒரு ஜேபெக்கையும் ஒளித்து வைக்கிறது. கேமராவின் பின்திரையில் நீங்கள் பார்ப்பதும் ஏறக்குறைய அதைத்தான். பல வியூவர் சாஃப்ட்வேர்கள் அந்த ஜேபெக்கை மட்டும் எடுத்துக் காட்டிவிடும், பாலைத் தொடுவதே இல்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் 'ரா இமேஜ் எக்ஸ்டென்ஷன்' போட்டால் ஃபோல்டரில் படம் தெரியக்கூடும். அதனால் லைட்ரூமுக்கு ஒரு நன்மையும் இல்லை.

ஆனால் அவசரத்துக்கு இந்த உள் ஜேபெக் கைகொடுக்கும். எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் அதைத் தனியே பிரித்தெடுக்கலாம். கேனன், நிக்கான் கேமராக்கள் பலவற்றில் அது முழு அளவிலேயே இருக்கும். சோனியின் பழைய மாடல்கள் பலவற்றில் 1616-க்கு 1080 புள்ளிதான். வாட்ஸ்அப்பில் பெரியப்பாவுக்கு அனுப்ப அது தாராளம். 4ஆர் (4-க்கு 6 அங்குலம்) பிரிண்டுக்கு ஓரளவு தாங்கும். 8ஆர் (8-க்கு 10 அங்குலம்) போட்டால் முகம் மங்கிப்போகும், அதற்கு அதைத் தொட வேண்டாம்.

முதலில் கோப்பு நல்லதுதானா என்று பாருங்கள்

சப்போர்ட் இல்லாத கோப்பும் கெட்டுப்போன கோப்பும் ஒரே மாதிரிப் பிழைச் செய்தியைக் கொடுக்கக்கூடும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அந்தக் கார்டின் எல்லா ராவும் திறக்கவில்லை, ஆனால் பழைய கேமராவின் ரா எல்லாம் அதே கணினியில் திறக்கிறது என்றால் அது சப்போர்ட் சிக்கல். 1,200-ல் 7 மட்டும் திறக்கவில்லை என்றால் அந்த 7-தான் சந்தேகத்துக்கு உரியவை. அவற்றின் அளவைப் பாருங்கள். மற்றவை 25 முதல் 30 எம்பி இருக்க, ஒன்று மட்டும் 3 எம்பி அல்லது 0 என்றால் காப்பி பாதியில் நின்றிருக்கிறது. திறந்தாலும் படத்தின் கீழ்ப்பாதி சாம்பலாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் அதுவும் அதே குறைதான். கார்டைக் கேமராவிலேயே திரும்பப் போட்டு, அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் வேறு கார்டு ரீடரில் மறுபடி காப்பி எடுங்கள். ஆட்டம் கண்ட யூஎஸ்பி வயரும் மலிவான ரீடரும் செய்யும் சேதத்தைக் கார்டின் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது.

இந்தச் சோதனை முடியும்வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். காப்பி எடுத்ததும் கார்டிலுள்ள மொத்தப் பைட் எண்ணிக்கையும் கணினியிலுள்ள எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்த்து, இன்னொரு டிஸ்கிலும் ஒரு காப்பி வைத்த பிறகே அந்தக் கார்டு அடுத்த கல்யாணத்துக்குப் போகலாம். பிழைச் செய்தியைப் பார்த்த பதற்றத்தில் ரிக்கவரி சாஃப்ட்வேரை அந்தக் கார்டின் மேலேயே ஓட்டி, நல்ல படத்தைத் தொலைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிக வருத்தமான தவறு.

அப்டேட்: எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது

ஃபோட்டோஷாப் ராவைத் தானாகத் திறப்பதில்லை. 'கேமரா ரா' என்ற துணைக்கருவிதான் திறக்கிறது. லைட்ரூமுக்குள்ளும் அதே இயந்திரம்தான் இருக்கிறது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ஃபோட்டோஷாப் எந்த ஆண்டு என்பதைவிட, கேமரா ரா எந்தப் பதிப்பு என்பதை. உங்கள் மாடலுக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்று அடோபியின் கேமரா பட்டியலில் மாடல் வாரியாக இருக்கும்.

மாதச் சந்தா கட்டுபவர்கள் அப்டேட் செய்தால் போதும். ஆனால் ஒரு பொறி உண்டு. விண்டோஸ் பழையதாக இருந்தால் "எல்லாம் அப்டேட்டாக உள்ளது" என்றே அடோபியின் அப்டேட்களைக் கொண்டுவரும் கிரியேட்டிவ் கிளவுட் செயலி சொல்லும். அந்த விண்டோஸில் ஓடக்கூடியவற்றில் புதியது அது என்பதே அதன் பொருள். உங்களுக்குத் தேவையான பதிப்பு அதற்கும் மேலே இருக்கலாம்.

ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய பழைய பதிப்புகள் ஓரிடத்தில் நின்றுவிட்டன. ஃபோட்டோஷாப் சிஎஸ்6 2012-ல் வந்தது. அதற்கான கேமரா ரா 2015-ல் 9.1.1-ஓடு முடிந்தது. லைட்ரூம் 6-க்குக் கடைசி அப்டேட் 6.14, டிசம்பர் 2017. இரண்டே மாதம் கழித்து, 2018 பிப்ரவரியில் சோனி ஏ7 மூன்றாம் தலைமுறையும் கேனன் எம்50-உம் அறிவிக்கப்பட்டன. லைட்ரூம் 6-க்கு அவை இன்றுவரை அந்நியம், இனியும் அப்படித்தான். யாரோ போட்டுத் தந்த உரிமம் இல்லாத காப்பி வைத்திருப்பவர்களுக்கும் அதே சுவர்தான். அதை அப்டேட் செய்யப் பார்ப்பதைவிட அடுத்து வரும் இலவச வழிகளில் ஒன்றுக்கு மாறுவது நல்லது.

டிஎன்ஜி: பழைய சாஃப்ட்வேருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

டிஎன்ஜி என்பது 2004-ல் அடோபி கொண்டு வந்த பொது ரா வகை. மேலே சொன்ன மூன்று வாசலுக்கும் வேண்டிய விவரத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைப்பது அதன் சிறப்பு. புள்ளி அடுக்கு என்ன, கருப்பு எந்த எண்ணில் தொடங்குகிறது, நிறக் கணக்கு என்ன என்று எல்லாம் உள்ளே இருக்கும். அதனால் அந்தக் கேமராவின் பெயரையே கேள்விப்படாத சாஃப்ட்வேரும் திறந்துவிடும்.

அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம், சந்தா தேவையில்லை. கேமரா ராவோடு சேர்ந்தே புதிய பதிப்பு வரும், பதிப்பு எண்ணும் ஒன்றாகவே இருக்கும். இன்றைய பதிப்புக்கு விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும். பழைய விண்டோஸ் 7 கணினியில் ஏறாது. ஸ்டூடியோவில் ஒரு கணினியாவது புதிதாக இருந்தால் அதில் மாற்றி, பழையதில் திருத்தலாம்.

திறந்ததும் ஒரே சன்னலில் நான்கு பகுதிகள் தெரியும். முதலாவதில் படங்கள் உள்ள ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனித்தனிப் படமாகத் தேர முடியாது. ஃபோல்டருக்குள் போனால் காலியாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அந்தப் பெட்டி ஃபோல்டர்களை மட்டும்தான் காட்டும், ஃபோல்டரைத் தேர்ந்தால் போதும். இரண்டாவதில் சேமிக்கும் இடம், அதை வேறு ஃபோல்டராக வையுங்கள். மூன்றாவது பெயர், அதைத் தொட வேண்டாம். அசலின் எண்ணே இருந்தால்தான் பிறகு தேட முடியும்.

நான்காவதுதான் முக்கியம். 'சேஞ்ச் பிரிஃபரன்சஸ்' பொத்தானை அழுத்தி, எந்தக் கேமரா ரா பதிப்பு முதல் திறக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். சிஎஸ்6, லைட்ரூம் 6 இரண்டுக்கும் 'கேமரா ரா 7.1 முதல்' என்ற வரியைத் தேருங்கள். இங்கே புதிய பதிப்பை அப்படியே விட்டுவிட்டு, மாற்றிய டிஎன்ஜியும் திறக்கவில்லை என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர். 'லாஸி கம்ப்ரஷன்' கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது, இருந்தால் விவரம் குறையும். அசல் ராவை டிஎன்ஜிக்குள்ளேயே புதைக்கும் தேர்வும் வேண்டாம், ஏனென்றால் கோப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும்.

1,200 படத்தையும் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். ஐந்தைத் தனி ஃபோல்டரில் போட்டு மாற்றி, பழைய சாஃப்ட்வேரில் திறந்து பார்த்துவிட்டு மீதியை ஓட்டுங்கள். ஒரு படம் 28 எம்பி என்றால் 1,200 படம் 33.6 ஜிபி. டிஎன்ஜியும் ஏறக்குறைய அவ்வளவே வரும் என்று வைத்து 70 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் இடம் தீர்ந்தால் எது மாறியது, எது மாறவில்லை என்று தேடவே ஒரு மணி நேரம் போய்விடும். கன்வெர்ட்டரே கேமராவை அடையாளம் காணவில்லை என்றால் கன்வெர்ட்டர் பழையது, அல்லது அந்த மாடலுக்கு அடோபி இன்னும் வரவில்லை.

மாற்றி முடித்ததும் அசல் ராவை அழிக்கலாமா? கூடாது. கேனன், நிக்கான் தரும் சாஃப்ட்வேர்கள் இப்படி மாற்றிய டிஎன்ஜியைத் திறக்காது. நாளைக்கு அந்த நிறுவனத்தின் நிறமே வேண்டும் என்றால் அசல்தான் வேண்டும்.

கேமரா நிறுவனமே தரும் சாஃப்ட்வேர்

புதுக் கேமரா வாங்கிய அன்றே வேலை செய்யும் வழி இது. கேனனுக்கு 'டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபெஷனல்', நிக்கானுக்கு 'என்எக்ஸ் ஸ்டூடியோ', சோனிக்கு 'இமேஜிங் எட்ஜ்'. எல்லாம் இலவசம். கேனனுடையதை இறக்கும்போது கேமராவின் வரிசை எண்ணைக் கேட்கும், அது உடலின் அடியில் இருக்கும். ஃபியூஜிஃபிலிமின் 'எக்ஸ் ரா ஸ்டூடியோ' இன்னொரு விதம். கேமராவை யூஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்து, கேமராவின் சொந்த மூளையையே வேலை வாங்குகிறது. அதனால் கணினி பழையதாக இருந்தாலும் பெரிய சுணக்கம் தெரியாது.

இவற்றில் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்து, மேற்கொண்டு ஃபோட்டோஷாப் வேலைக்கு 16 பிட் டிஃப் கோப்பாக எடுக்கலாம். அதற்கு முன் ஒரு கணக்கு. 24 மெகாபிக்சல் படம், மூன்று நிறம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட். ஒரு டிஃப் 144 எம்பி. 1,200 படத்தையும் அப்படி எடுத்தால் 172 ஜிபிக்கு மேல் போகும். ஆல்பத்துக்குத் தேர்ந்த 60 படத்தை மட்டும் எடுத்தால் 9 ஜிபிக்குள் முடியும். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியவற்றை ஜேபெக்காகவே எடுத்துவிடுங்கள்.

சந்தா இல்லாமல் நிலையாக ஒரு வழி வேண்டுமென்றால் டார்க்டேபிள், ராதெரபி என்ற ரா திருத்தும் சாஃப்ட்வேர்கள் இரண்டும் இலவசம், சட்டப்படியானவை. ஆனால் அவற்றிலும் புதுக் கேமராவுக்குக் காத்திருக்க வேண்டும். அங்கே சப்போர்ட் வருவது, அந்தக் கேமரா வைத்திருப்பவர்கள் யாராவது மாதிரி ராக்களைக் கொடுத்து உதவுவதைப் பொறுத்தது. நீங்களும் கொடுக்கலாம். கல்யாணப் படம் வேண்டாம், முகம் இல்லாத ஒரு மரமோ சுவரோ போதும்.

பெயரை மாற்றி ஏமாற்றும் வழி

எக்சிஃப்டூலால் ராவுக்குள் இருக்கும் மாடல் பெயரை மாற்றி, பழைய மாடல் என்று சாஃப்ட்வேரை நம்ப வைக்கும் வழி ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. முதல் வாசலை மட்டும்தான் அது திறக்கும். சுருக்க முறை புதிது என்றால் பயனில்லை. அதே சென்சார், அதே முறை என்றால் படம் திறந்துவிடும், ஆனால் பழைய மாடலின் நிறக் கணக்கில் திறக்கும். அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை செங்கல் நிறத்துக்குச் சாயும், மஞ்சள் பூசிய முகம் பச்சையடிக்கும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டச் சரிசெய்யும் வைட் பேலன்ஸை எவ்வளவு நகர்த்தினாலும் ஒன்று சரியானால் இன்னொன்று கெடும், ஏனென்றால் பிழை இருப்பது பெயர்ப்புக் கணக்கில். இதைக் காப்பியில் செய்து, எந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது என்று பார்க்க மட்டும் பயன்படுத்தலாம். காசு வாங்கிக் கொடுக்கும் ஆல்பத்துக்கு வேண்டாம்.

இணையத்தில் ராவை ஏற்றினால் ஜேபெக்காக்கித் தரும் தளங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவற்றில் சில, உள்ளே ஒளிந்திருக்கும் ஜேபெக்கைத்தான் எடுத்துத் தருகின்றன. நம் ஊர் லைனில் 30 எம்பி கோப்புகளை ஏற்றி முடிப்பதற்குள் விடிந்துவிடும். அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படம் யாருடைய கணினியில் போய் உட்கார்கிறது என்பதும் தெரியாது.

அடுத்த கல்யாணத்துக்கு முன்

புதுக் கேமரா கைக்கு வந்த அன்றே, கூலி வேலைக்கு எடுத்துப் போகும் முன், வீட்டு வாசலில் பத்து ரா எடுத்து நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கணினியில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் சப்போர்ட் வரும்வரை 'ரா + ஜேபெக்' என்று வைத்து எடுங்கள். ஜேபெக்கைச் சின்ன அளவில் வைக்கத் தோன்றும், அப்படிச் செய்யாதீர்கள். பெரிய அளவு, ஃபைன் தரம். 24 மெகாபிக்சலில் ஒரு ஜேபெக் பெரும்பாலும் 8 முதல் 12 எம்பி வரும், ராவோடு சேர்ந்து ஒரு படத்துக்கு 40 எம்பி என்று கணக்கு வைத்தால் 64 ஜிபி கார்டில் 1,500 படத்துக்குச் சற்றுக் கூடவே அடங்கும்.

இரண்டு கார்டு போடும் கேமரா என்றால் ஒன்றில் ரா, இன்னொன்றில் ஜேபெக் என்று பிரித்து எழுதச் செய்யலாம். தாலி கட்டி முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஜேபெக் கார்டை எடுத்து, நாலு படத்தைக் கைப்பேசிக்கு மாற்றி, பெண்ணின் அம்மா கேட்பதற்கு முன்பே அனுப்பிவிடலாம்.